மேயரிடம் சோறு கேட்டுப் போன பிள்ளைகள்

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில், ஜப்பான் கடலோரம் இருக்கும் சிறு நகரம் டோயோகா. அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஒருநாள் மேயரைப் பார்க்கப் போனார்கள். விளையாட்டுத் திடல் வேண்டும், நீச்சல் குளம் வேண்டும் என்று கேட்கவில்லை. பள்ளியில் மதியம் போடும் சோற்றுக்கு வேறு அரிசி வாங்கச் சொன்னார்கள். ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் சில விவசாயிகள் நாரைகளுக்காக மருந்தடிப்பதைக் குறைத்தும் நிறுத்தியும் நெல் விளைவிக்கிறார்கள். அந்த அரிசிக்கு விலை கூடுதல். பள்ளிக்கூடம் வாங்கினால் அது விற்கும். விற்றால் இன்னும் பல வயல்கள் அப்படி மாறும். வயல் மாறினால் தவளை பெருகும். தவளை பெருகினால் நாரைக்கு இரை கிடைக்கும். அவர்கள் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். நகரம் ஒப்புக்கொண்டது. நாரை வயல் அரிசி பள்ளிச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்போதைய மேயர் முனெஹாரு நாககாய் இந்தக் கதையைப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் பிள்ளைகளின் நல்ல மனசை நினைத்து உருகுவார்கள். எனக்கு அவர்கள் போட்ட கணக்குதான் பெரிதாகப் படுகிறது. நாரை பாவம் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். நாரையின் வயிற்றுக்கும் அரிசிக் கடைக் கல்லாவுக்கும் நடுவே உள்ள கண்ணிகளை ஒன்று விடாமல் சொல்ல வேண்டுமென்றால், வயல் சேற்றில் கால் வைத்திருக்க வேண்டும். விவசாயியின் வரவு செலவையும் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் படிக்கும் வயதில் இது எப்படி வாய்த்தது?

ஆளுக்கொரு தொட்டி

ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகள். ஆறு வயது நிறைந்த பிள்ளைகள் ஏப்ரலில் சேர்கிறார்கள். புத்தகப் பையின் கனம் தோளுக்குப் பழகும் முன்பே, மே மாத வாக்கில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி வருகிறது. அதில் ‘அசகாவோ’ விதை போட வேண்டும். விடியலில் பூத்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் கொடி அது. தொட்டியில் பிள்ளையின் பெயர் இருக்கும். வகுப்புக்குப் பொதுவாக ஒரு தோட்டம் என்றால் தண்ணீர் ஊற்ற யாராவது ஒருவர் இருப்பார்; இங்கே மறந்தால் வாடுவது சொந்தக் கொடி. பூத்ததும் எண்ணி எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள், பூவைக் கசக்கி வண்ணத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஜூலைக் கடைசியில் கோடை விடுமுறை வந்தால் தொட்டியும் வீட்டுக்குப் போகும். வேர்க்க விறுவிறுக்க அதைத் தூக்கிக்கொண்டு போகும் அம்மாக்களின் முணுமுணுப்பு ஆண்டுதோறும் கேட்பதுதான். இலையுதிர் காலத்தில் விதை சேகரிக்கிறார்கள். பல பள்ளிகளில் அந்த விதையை உறையில் போட்டு, அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு துணிச்சலான முடிவு இருக்கிறது. 1989ல் திருத்தி 1992ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியல், சமூக அறிவியல் இரண்டையும் தூக்கிவிட்டது. அவற்றுக்குப் பதிலாக வாழ்க்கை என்ற பெயரில் ஒரே பாடம் வைத்தார்கள். செடி வளர்ப்பது, பூச்சி பிடிப்பது, தெருவைச் சுற்றி வருவது, கடைக்காரரிடம் பேசுவது எல்லாம் அந்தப் பாடத்துக்குள் அடக்கம். ஒரு நாட்டின் கல்வித் துறை, அறிவியலைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று பரபரக்காமல் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது.

இரண்டாம் வகுப்பில் குட்டித் தக்காளி, கத்தரி, வெள்ளரி. மூன்றாம் வகுப்பில்தான் அறிவியல் என்ற பெயரே வருகிறது. முட்டைகோஸ் இலையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டையைக் கொண்டுவந்து, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று கடைசிவரை பார்க்கிறார்கள். காசித்தும்பையும் போடுகிறார்கள்; முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். நான்காம் வகுப்பில் பீர்க்கு இனக் கொடி அல்லது பாகல். பாகற்கொடியை வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே வலை கட்டி ஏற்றி வெயிலை மறைக்கும் ‘பச்சைத் திரை’, 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது நாடெங்கும் பரவியது. அதே வகுப்பில் குப்பை எங்கே போகிறது, குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் பாடம். குப்பை எரிக்கும் ஆலைக்கே கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு நெல்.

நிலமுள்ள ஊரில் வயலில் நடுகிறார்கள். டோக்கியோ போன்ற இடங்களில் ஆளுக்கொரு வாளி: மண் நிரப்பி, தண்ணீர் கட்டி, நாற்று ஊன்றி, மாடிப்படி ஓரத்திலோ விளையாட்டுத் திடலின் மூலையிலோ வரிசையாக வைக்கிறார்கள். இந்த வாளி நெல்லுக்கு விதையும் உரமும் கையேடும் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களே தருகின்றன. ஒரு வாளியில் விளைவது அநேகமாக ஒரு கிண்ணச் சோற்றுக்குக்கூடச் சரியாக வராது. குருவிகள் தின்றது போக மிச்சத்தை உருவி, உமி நீக்க ஒரு உரலில் போட்டுப் பேஸ்பால் பந்தால் தேய்க்கிறார்கள். ஒரு பிடி அரிசிக்கு எத்தனை நேரம் ஆகிறது என்பது கைவலியில் தெரிந்துவிடும்.

தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும்வரை

இதெல்லாம் ஜப்பான் முழுக்க நடப்பது. டோயோகாவுக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. அதன் நாயகன் கோனோதோரி என்ற நாரை. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரைக்கு நெருங்கிய உறவு. அதற்கு அலகு சிவப்பு, இதற்குக் கறுப்பு. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர். வளர்ந்த பறவைக்குக் குரல் கிடையாது. அலகைத் தட்டித்தான் பேசும். ஒரு நாளைக்கு அரைக் கிலோ அளவு மீனும் தவளையும் பூச்சியும் வேண்டும்.

மாருயாமா ஆறு கடலில் சேரும் முன் சமதளத்தில் மெல்ல நகர்வதால் டோயோகா பள்ளத்தாக்கு எப்போதும் சேறும் நீருமாக இருந்தது. நாரைக்கு ஏற்ற இடம். 1960ல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அங்கே பிரசித்தம்: ஆற்றில் ஒரு பெண்ணும் மாடுகளும் நிற்க, பக்கத்திலேயே பயமில்லாமல் நாரைகள். படம் எடுத்த நேரத்திலேயே நாரைகளுக்கு முடிவு நெருங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியின் மெய்ஜி காலத்து வேட்டையில் தப்பியவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கூடு கட்டும் பைன் மரங்களை இழந்தன. போருக்குப் பிறகு வயலில் பூச்சிமருந்து வந்தது. செத்த பறவைகளின் உடலில் பாதரசம் கண்டுபிடித்தார்கள். 1965ல் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1971ல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரையும் டோயோகாவில் இறந்தது. கூண்டில் இருந்தவை குஞ்சே பொரிக்கவில்லை. 1985ல் சோவியத் ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் பகுதியிலிருந்து ஆறு இளம் நாரைகள் வந்தன. 1989ல்தான் முதல் குஞ்சுகள். 2005 செப்டம்பரில் ஐந்து நாரைகளைத் திறந்து விட்டார்கள்.

சரி, விட்டாயிற்று. அவை எதைத் தின்னும்? கூண்டுக்குள் இருந்தவரை மீன் வாங்கிப் போட்டார்கள். வெளியே வந்த நாரைக்கு வயலில் உயிர் இருக்க வேண்டுமே. இங்கேதான் விவசாயிகளிடம் போக வேண்டி வந்தது. அந்தக் காலத்து விவசாயிக்கு நாரை ஒன்றும் செல்லப்பிள்ளை இல்லை. நட்ட பயிரை மிதிக்கும் பறவை என்று விரட்டியவர்தான் அவர்.

நெல் தெரிந்த வாசகர்களுக்கு ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ தெரியும். ஜப்பானிலும் நட்டு ஒரு மாதம் ஆனதும் வயலை வடியவிட்டுக் காயப் போடுவது வழக்கம். வேண்டாத தூர் கட்டுவது நிற்கும், வேர் ஆழமாக இறங்கும், அறுவடை இயந்திரம் புதையாமல் நிலமும் இறுகும். பயிருக்கு நல்லது. ஆனால் அது ஜூன் கடைசி. தலைப்பிரட்டைகளுக்கு அப்போது கால் முளைத்திருக்காது. தண்ணீர் வடிந்த சேற்றில் ஆயிரக்கணக்கில் காய்ந்து சாகும். தும்பியின் நீர்ப்பருவக் குஞ்சுகளுக்கும் அதே கதி. மருந்தே அடிக்காத வயலிலும் இந்த ஒரு வேலை போதும், நாரையின் சாப்பாடு ஒரே வாரத்தில் போய்விடும்.

விவசாயிகளும் மாநில வேளாண் அலுவலர்களும் கூடி ஒரு புது முறையை உருவாக்கினார்கள். காயப் போடுவதைத் தலைப்பிரட்டை தவளையாகும்வரை, ஏறக்குறைய ஜூலைத் தொடக்கம்வரை, தள்ளிப்போட வேண்டும். நடவுக்கு ஒரு மாதம் முன்பே தண்ணீர் கட்ட வேண்டும். அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் வயலிலும் குளிர்காலத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பூச்சிமருந்து இல்லாமலோ பெருமளவு குறைத்தோ சாகுபடி. குளிர்காலத் தண்ணீருக்குக் காரணம் அழகானது: சேற்றில் செம்புழுக்கள் பெருகி, கிளறிக் கிளறி மேலே கூழ் போன்ற ஒரு படிவத்தை உண்டாக்கும். களை விதைகள் அதற்கடியில் புதைந்து முளைக்காமல் போகும். களைக்கொல்லி இல்லாதவனுக்கு இதுதான் கூலியில்லா ஆள். கோடையில் தவளையும் சிலந்தியும் புகையானையும் நாவாய்ப்பூச்சியையும் பார்த்துக்கொள்ளும். வடிகாலை ஆழமாகக் கான்கிரீட்டில் கட்டியதால் வயலுக்கு ஏற முடியாமல் தவித்த மீன்களுக்குப் படிப்படியாக மரத்தில் ஏணி வைத்தார்கள்.

இந்த வயல்களில்தான் பிள்ளைகள் இறங்கினார்கள். கையில் வலை, வரப்பில் வெள்ளைத் தட்டு. அள்ளியதைத் தட்டில் கொட்டி, எது தலைப்பிரட்டை, எது நீர்த்தேள், எது நீர்வண்டு என்று பிரித்து எண்ண வேண்டும். மருந்தடித்த வயலிலும் அடிக்காத வயலிலும் எண்ணிப் பார்த்தால் பாடம் தானாக வந்துவிடுகிறது. வாத்தியார் வாய் திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் விவசாயியைக் கேட்டால், ஜூலைவரை தண்ணீர் கட்டுவதில் என்ன சிரமம், களை எடுப்பதில் இடுப்பு எப்படி ஒடிகிறது, அரிசிக்கு என்ன விலை கிடைத்தால் கட்டும் என்பதும் வரும். மேயர் அறைக்குப் போன வாதம் இந்த வரப்பில் பிறந்தது.

இதற்குப் பாட நேரத்தில் இடம் கிடைத்ததும் தற்செயல் இல்லை. 2002லிருந்து மூன்றாம் வகுப்பு முதல், எந்தப் பாடத்துக்குள்ளும் அடங்காத ‘ஒருங்கிணைந்த கற்றல் நேரம்’ கட்டாயம். பாடநூல் கிடையாது, ஊருக்கு எது முக்கியமோ அதைப் பள்ளியே தேர்ந்துகொள்ளலாம். மீன்பிடி ஊரில் கடல், வெள்ளம் வரும் ஊரில் ஆறு, டோயோகாவில் நாரை. மதிப்பெண் கிடையாது என்பதும் ஒரு வசதி. இந்த நேரத்தால் படிப்புத் தரம் இறங்குகிறது என்று ஜப்பானில் கூச்சல் எழுந்து பிறகு மணிநேரத்தைக் குறைத்தார்கள் என்பதும் உண்மை. அடியோடு எடுத்துவிடவில்லை என்பது ஆறுதல்.

சமையல்கூடமும் வகுப்பறைதான்

பள்ளித் தோட்டங்கள் உலகெங்கும் உண்டு. ஜப்பானியத் தொடக்கப் பள்ளியை வேறுபடுத்துவது அதன் சாப்பாடு என்பது என் எண்ணம். 1889ல் யமகதா மாநிலத்தின் சுருஓகாவில், புத்த பிக்குகள் நடத்திய ஒரு பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பிட்ட மீனும் ஊறுகாயும் போட்டதிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். 1954ல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்குப் பின் அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் ஆண்ட காலத்தில் தட்டில் ரொட்டிதான். சோறு முறையாகத் திரும்பியது 1976ல். 2005ல் உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் போட்டார்கள். சத்துணவு நிபுணர்களே ஆசிரியர்களாகப் பள்ளிக்குள் வந்ததும் அந்த ஆண்டில்தான்.

தனிச் சாப்பாட்டுக் கூடம் பெரும்பாலும் இல்லை. முறை வைத்து வரும் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, குண்டான்களை வகுப்புக்குத் தள்ளி வந்து, மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுகிறார். இன்றைய முள்ளங்கி எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒலிபெருக்கியில் ஒரு பிள்ளை வாசிக்கும். சாப்பிட்ட பின் பல பள்ளிகளில் பால் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கழுவி, காயவைத்து மறுசுழற்சிக்குக் கட்டுகிறார்கள். பிறகு வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதும் அவர்கள் வேலையே. இதில் எதற்கும் சுற்றுச்சூழல் என்று பலகை மாட்டவில்லை.

ஒரு நகரத்தின் பள்ளிகள் மொத்தமாக வாங்கும் அரிசி, விவசாயிக்குக் கைக்கெட்டிய சந்தை. விலை முன்கூட்டியே தெரியும், வாங்குபவர் ஓடிப்போக மாட்டார். டோயோகாவிடமிருந்து இதைக் கற்றுக்கொண்ட ஊர் இசுமி. டோக்கியோவுக்குத் தென்கிழக்கே, சிபா மாநிலத்தில் பசிபிக் கரையில் இருக்கிறது. அந்த ஊர் மேயருக்கு டோயோகா முன்மாதிரி. ஆனால் இசுமியில் 2013ல் இயற்கை முறை நெல் என்று தொடங்கியவர்கள் மூன்று பேர். நிலம் 22 ஏர், சுமார் அரை ஏக்கர். முதல் ஆண்டு களை மண்டிப் போனது. அடுத்த ஆண்டு தோச்சிகி மாநிலத்திலிருந்து மித்சுகுனி இனாபாவை வரவழைத்தார்கள். மருந்தில்லா நெல்லில் பழுத்த கை. நாற்றை முற்றவிட்டு நடு, நடும் முன்பே உழுது களையை முளைக்கவிட்டு அழி, பிறகு தண்ணீரை ஆழமாகக் கட்டு என்று முறையாகச் சொல்லிக் கொடுத்தார். 2015ல் 4 டன் அரிசி பள்ளிச் சாப்பாட்டுக்குப் போனது. 2017ல் 42 டன். அதோடு இசுமியின் எல்லாத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலும் சோறு முழுக்க இயற்கை அரிசி ஆயிற்று. நான்கு ஆண்டில் பூஜ்யத்திலிருந்து நூறு!

கூடுதல் விலையை யார் கொடுப்பது? பள்ளிச் சாப்பாட்டுக்கான பொருள் செலவைப் பெற்றோர் கட்டணமாகச் செலுத்துவதே ஜப்பானில் வழக்கமாக இருந்து வந்தது. அவர்கள் தலையில் கட்டினால் திட்டம் அன்றே முடங்கியிருக்கும். விலை வித்தியாசத்தை நகராட்சி ஏற்றது. இசுமிப் பிள்ளைகளும் நாற்று நடுகிறார்கள், வயலில் உயிர்களை எண்ணுகிறார்கள், பிறகு அந்த அரிசியையே தட்டில் பார்க்கிறார்கள்.

விழாவாகிப் போன நடவு

எல்லாம் பொன்னாக மின்னவில்லை. நாட்டின் பல பள்ளிகளில் நெல் பாடம் இரண்டு நாள் சமாச்சாரம்: மே மாதம் ஒருநாள் நடவு, இலையுதிர் காலத்தில் ஒருநாள் அறுவடை. நடுவில் தண்ணீர் பார்ப்பதும் களை பறிப்பதும் பக்கத்து விவசாயித் தாத்தா. பிள்ளைகள் போனதும் கோணல் மாணலாக நட்டதை அவரே திருத்தி நடுவார். இந்த வகை அனுபவம் சேற்றின் சுகத்தை மட்டும் தருகிறது, விவசாயத்தைத் தருவதில்லை என்ற விமர்சனம் ஜப்பானியர்களிடமே உண்டு. பள்ளி முற்றத்துக் கூண்டில் முயலும் கோழியும் வளர்ப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. விடுமுறையில் பார்க்க ஆளில்லாமல் அவை பட்ட பாடு வெளியே வந்து, இப்போது குறைந்துவருகிறது.

நல்லெண்ணமே கெடுதல் செய்த கதையும் ஒன்று உண்டு. வயல் வாய்க்காலில் வாழும் மெடாகா என்ற சிறுமீன் 1999ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பு அறிவியலில் முட்டைக்குள் குஞ்சு வளர்வதைப் பார்க்க வகுப்பறையில் வைத்திருப்பதும் அதுவே, ஆனால் கடையில் விற்கும் ஆரஞ்சு நிற வளர்ப்பு வகை. பட்டியல் செய்தி வந்ததும் பல இடங்களில் அந்த மீனை ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். ஒவ்வொரு ஆற்றின் மெடாகாவுக்கும் தனித்தனி மரபு இருக்கிறது. வளர்ப்பு மீன் கலந்தால் அது சிதையும் என்று ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்று ‘வளர்த்ததை வெளியே விடாதே’ என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்த செந்நிற ஜாரிகானியை, இறால் உடலும் நண்டுக் கொடுக்குமாகப் பள்ளிக் குளங்களில் பிள்ளைகள் நூல் கட்டிப் பிடிக்கும் அதே ஜாரிகானியை, விற்பதும் வெளியே விடுவதும் 2023 ஜூனில் சட்டப்படி குற்றமாயிற்று. பிடிக்கலாம், வீட்டில் வளர்க்கலாம். சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது கடினமான நிபந்தனை. ஆனாலும் மரக்கன்று விழாக்களை விட இதில் கற்க நிறைய இருக்கிறது.

டோயோகாவில் 2007ல் காட்டிலேயே ஒரு குஞ்சு பிறந்து பறந்தது. 46 ஆண்டுகளுக்குப் பின் நாட்டில் அதுவே முதல். 2012ல் அங்குள்ள ஆற்றுப் படுகையும் வயல்களும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. 2017ல் காட்டில் திரியும் நாரைகள் 100ஐத் தாண்டின. இப்போது பல மாநிலங்களில் கூடு கட்டுகின்றன. 2021ல் ஜப்பான் அரசு, 2050க்குள் விளைநிலத்தில் 25 சதவீதத்தை இயற்கை முறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. அன்றைக்கு அந்த அளவு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இந்தப் பெரிய இலக்கை எங்கே தொடங்குவது என்று தேடும் பல நகராட்சிகளுக்குக் கிடைத்த பதில் பள்ளிச் சாப்பாடுதான்.

அந்தப் பதிலில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 2024ல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6,86,000. ஏழு லட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்தும் மூடியும் வருகின்றன. சாப்பிடும் வாய் குறைந்தால் பள்ளிகள் வாங்கும் அரிசியும் குறையும். அறுபதைத் தாண்டிய விவசாயி ஜூலைவரை தண்ணீர் கட்டிக் காத்திருக்க, பள்ளிக்கு வெளியேயும் வாங்குபவர் வேண்டும். டோயோகா தன் அரிசியைப் பெருநகரக் கடைகளுக்கு அனுப்புகிறது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்கிறது. அன்றைக்கு மேயரிடம் போன பிள்ளைகளுக்கு இப்போது சொந்தமாகச் சம்பாதிக்கும் வயது. அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்கு அந்த அரிசியை வாங்குகிறார்கள் என்று டோயோகா ஒருமுறை கணக்கெடுத்துப் பார்க்கலாம்.